குழிந்த பக்கம்

வால்வைத் திறந்தாயிற்று. இனி ஐம்பது நிமிடம். ஆயுதப்படை மைதானத்தின் ஓரத்தில் இருக்கிற ஆழ்துளைக் குழாயிலிருந்து கூட்டத்தைக் கலைக்கிற இந்தத் தண்ணீர் வண்டியின் தொட்டி நிரம்ப ஐம்பது நிமிடம் ஆகும், கரண்ட் இறங்கியிருந்தால் அறுபதும் ஆகும், அதுவரை நான் இந்த ஏணிப் படியில் உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடிக் குழலில் மட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு வேலை கிடையாது. பன்னிரண்டாயிரம் லிட்டர். நேற்றுக் காலை பதினோரு மணிக்கு முழுசாக இருந்தது, பதினொன்றரைக்குப் பாதி. மிச்சத்தைச் சாயந்தரம் வால்வு சரிபார்க்க வடித்துவிட்டதால் இப்போது காலி இரும்பில் தண்ணீர் விழுகிறது, வயிற்றுக்குள் குத்துகிற சத்தம், ஒரு அடி நின்றுவிட்டால் அடங்கிவிடும். சீக்கிரம் அடங்கட்டும். என் சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அய்யா நேற்று ரைட்டரை வைத்து டைப் அடித்துக் கொடுத்தது. இரண்டாம் நிலைக் காவலர் வெயில்முத்து ஆகிய நான், என்று தொடங்குகிறது. கூட்டத்தினர் கல் வீசியதால் மேலதிகாரியின் உத்தரவின்பேரில் நான்கு பார் அழுத்தத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் பீய்ச்சினேன், அப்போது ஒரு பெண்மணி ஈரத்தில் தானாக வழுக்கி விழுந்தார், என்று முடிகிறது. கீழே கையெழுத்துக்கு இடம். ஒன்பது மணிக்குக் கோட்டாட்சியர் விசாரணைக்கு வருகிறார், வண்டியையும் பார்ப்பாராம். இப்போது எட்டு. நான்கு என்கிற எண்ணை நேற்றிலிருந்து எத்தனை தடவை வாசித்துவிட்டேன். நல்ல எண்தான். நான்கில் யாரும் சாக மாட்டார்கள்.

அவள் சாகவில்லை, அது தெரியும், நேற்று ராத்திரிவரை சாகவில்லை. முதலிலிருந்து யோசித்தால் எல்லாம் வரிசையாக வரும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தொடங்குகிறேன், ஆனால் நடுவிலேயே போய் விழுகிறேன், அந்த அன்னக்கூடையிலேயே. வேண்டாம், முதலிலிருந்து. பைபாஸ் முக்கு. ஊருணிக்கரைத் தெருப் பொம்பளைகள் இருநூறு பேர், ஆளுக்கொரு காலிக்குடம், பச்சை, நீலம், ஆரஞ்சு. இருபத்து மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மறியல். குடங்களை ரோட்டின் குறுக்கே மூன்று வரிசையாக அடுக்கி அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணியிலிருந்து பஸ்கள் நின்றுவிட்டன. வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. நானும் காசிலிங்கம் ஏட்டய்யாவும் வண்டிக்குள், அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்து உயர இருக்கையில், முன்னால் கம்பிவலை போட்ட கண்ணாடி. ஏ.சி. ஓடவில்லை. என் முதுகு வழியாக வேர்வை இறங்கி இடுப்பு பெல்டில் தேங்கியது. இவர்கள் கேட்பது தண்ணீர், எங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது தண்ணீர், இது அப்போது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாமல் இல்லை. ஏட்டய்யா சொன்னார், "ஏப்பா வெயிலு, இத அப்படியே ஒரு பைப்பப் போட்டு இவளுகளுக்குப் பிடிச்சு விட்டுட்டா எந்திரிச்சுப் போயிருவாளுக." சிரித்தேன். அவரும் சிரித்தார். வெளியே ஒரு கிழவி வண்டியின் பம்பர்வரை வந்து குடத்தால் தட்டினாள், டொக் டொக் என்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கினாள். கண்ணாடி கறுப்பு, அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, அதில் ஒரு சுகம் இருந்தது. இதை ஏன் நினைக்கிறேன். அதை விடு. பதினொன்றே காலுக்கு எங்கிருந்தோ ஒரு கல் வந்து கம்பிவலையில் பட்டது. ஒரே ஒரு கல், எலுமிச்சை அளவு. வயர்லெஸ்ஸில் இன்ஸ்பெக்டர் அய்யா, "அடி" என்றார்.

அடி என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. அழுத்தம் காட்டுகிற கேஜ் என் முன்னால்தான் இருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியும், ஏட்டய்யா உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த முள் தெரியாது. என்னை இந்த இருக்கைக்கு எடுத்ததே நான் மெக்கானிக்கல் படித்தவன் என்பதால். எங்கள் பேட்சில் பி.இ. படித்தவர்கள் பதினாறு பேர், எல்லாரும் கான்ஸ்டபிள், எல்லாரும் வேலைக்கு அலைந்து காலில் செருப்புத் தேய்ந்து கடைசியில் மைதானத்தில் ஓடி எடை தூக்கி உள்ளே வந்தவர்கள். அய்யா கேட்டார், "தண்ணியப் பத்திப் படிச்சவன் எவன்டா?" நான் கை தூக்கினேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மூன்றாவது செமஸ்டர். இரண்டு தடவை அரியர் வைத்து மூன்றாவது தடவை ஐம்பத்தொன்று வாங்கிய பேப்பர். அதை அய்யாவிடம் சொல்லவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தப் பாடத்தில் எனக்கு மிச்சமிருப்பது ரெண்டே ரெண்டு. சமன்பாடுகள் எல்லாம் போய்விட்டன. ஒன்று லேப்பில் இருந்த அந்தக் கண்ணாடிக் குழாய், உள்ளே மெதுவாகத் தண்ணீர் ஓடும், நடுவில் ஊசி வழியாக வயலட் மை விடுவார்கள், மை நூல் மாதிரி நேராகப் போகும், கலக்கவே கலக்காது, வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தால் நூல் நடுங்கும், இன்னும் கொஞ்சம் திறந்தால் அறுந்து குழாய் முழுக்க வயலட். எந்த இடத்தில் நடுங்குகிறது என்று எழுத வேண்டும். நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன், கை நிற்காது, ஜெசிந்தா மேடம் பின்னாலிருந்து, "மெதுவாத் திறங்க வெயில்முத்து, உங்களுக்கு எதுலயும் நடுவுல நிக்கத் தெரியல" என்பார். இரண்டாவது ஜெட் மோதல். கண்ணாடிப் பெட்டிக்குள் கீழிருந்து தண்ணீர் சீறி மேலே ஒரு தகட்டில் மோதும், தகடு தராசுக் கம்பியில் தொங்கும், எவ்வளவு எடை வைத்தால் தகடு பழைய இடத்துக்கு வருகிறதோ அதுதான் தண்ணீரின் பலம். முதலில் தட்டைத் தகடு. அப்புறம் அதைக் கழற்றிவிட்டுக் குழிந்த கிண்ணம், பித்தளை, பாதிப் பந்து மாதிரி, குழிந்த பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்கும். அதே வேகம், அதே நாசில், ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை வைக்க வேண்டியிருக்கும். வைவாவில் மேடம் ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூட நின்ற நாகூர்கனி மெல்லச் சொன்னான், "தண்ணி திரும்பி வருது மேடம்." மேடம் என்னைப் பார்த்தே சொன்னார், "தட்டையான தகட்டுல தண்ணி பக்கவாட்டுல சிதறிப் போயிரும், அத நிறுத்த ஒரு பலம் போதும். கிண்ணத்துல வந்த வழியே திரும்பணும். நிறுத்த ஒண்ணு, திருப்பி அனுப்ப ஒண்ணு. ரெண்டையும் அந்தக் கிண்ணம் வாங்கிக்கணும்." அன்றைக்கு அது எனக்குள் இறங்கிவிட்டது. மற்ற எதுவும் இறங்கவில்லை. இது மட்டும் இறங்காமல் இருந்திருக்கலாம். இறங்காமல் இருந்திருந்தால் நான் இப்போது ஏணிப் படியில் உட்கார்ந்து மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு போலீஸ்காரன், அவ்வளவுதான்.

கால்வாசி ஏறிவிட்டது. சத்தம் தடித்துவிட்டது. ஏட்டய்யா வேப்ப மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்கிறார், ஒரு கையில் போன். அந்த போன் அடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் டூட்டி போட்டிருக்கிற ஆள் அவருக்குத்தான் சொல்வான். இந்தத் தண்ணீரின் பலம் எனக்குக் காகிதத்தில் மட்டும் தெரிந்தது இல்லை, உடம்பிலும் தெரியும். பயிற்சியில் எங்களையே கூட்டமாக நிற்க வைத்து அடித்துக் காட்டினார்கள். ஆறில் வைத்து அடித்தார்கள். வயிற்றில் பட்டது. பட்டது என்று சொல்வது தப்பு, உள்ளே புகுந்து முதுகெலும்பைப் பிடித்துத் தள்ளியது, மூச்சை உள்ளே இழுக்க இடமே இல்லை, உட்கார்ந்தேன், படுத்தேன், என் பேண்டு நனைந்ததில் பாதி என்னுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. காதில் தண்ணீர் போய் மூன்று நாள் வலித்தது. அது ஆறு. பத்தில் வைத்தால் நாசில் வாயில் நூறு கிலோ பலம். நான் கணக்குப் போட்டிருக்கிறேன், நாசில் குறுக்களவு, அழுத்தம், எல்லாம் போட்டு, இந்த வேலை கொடுத்த முதல் வாரமே ஒரு துண்டுச் சீட்டில் போட்டு வைத்துக்கொண்டேன், பெருமையாக இருந்தது, படிப்பு முதல் தடவையாக ஒரு வேலைக்கு ஆனது. நேற்று நான்கில்தான் தொடங்கினேன். அதைத் தாளில் பொய் என்று சொல்ல முடியாது. நான்கில் தண்ணீர் குடங்களை மட்டும் உருட்டியது. குடங்கள் ஒன்றோடொன்று மோதி ரோட்டில் ஓடின, பொம்பளைகள் எழுந்து பின்னால் போனார்கள், சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஒருத்தி உருண்ட குடத்தை ஓடிப் பிடித்து நிமிர்த்தி, தெறித்த தண்ணீரில் காட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். வயர்லெஸ்ஸில் அய்யா, "என்னப்பா, தண்ணி பிடிச்சுக் குடுக்கிறியா? கூட்டு" என்றார். ஒரு தடவைதான் சொன்னார். ஆறுக்குப் போனேன். முன்வரிசை விழுந்தது. ஆறு போதும். ஆறில் எல்லாரும் போய்விட்டிருப்பார்கள், இன்னும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். பத்துக்கு யார் சொன்னது. யாரும் சொல்லவில்லை. அழுத்தம் கூட்டுகிற பொத்தானுக்கு என் கட்டைவிரல் போனது. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வழுக்குகிறது. கட்டைவிரல் போனது என்கிறேன், விரல் தானாகப் போகுமா. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பத்தில் வண்டியே பின்னால் உதைக்கும். தண்ணீர் வெள்ளைக் கம்பியாகப் போகும், வளையாது. இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு வந்தேன். பச்சைச் சேலை ஒருத்தி பக்கவாட்டில் சுழன்று விழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் முகத்தை மூடிக் குனிந்தாள், தண்ணீர் முதுகில் பட்டு அவளை மண்டி போட வைத்து நான்கு அடி இழுத்துப்போனது, முட்டித் தோல் ரோட்டில் உரிந்தது வண்டிக்குள்ளிருந்தே தெரிந்தது. மூன்று ஆள் தள்ளி அவள் நின்றாள். பேர் குருவம்மாள் என்பது அப்புறம் தெரிந்தது, நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், பள்ளிக்கூடத்திலும் தண்ணீர் இல்லை என்று உலை வைக்காமல் அங்கிருந்து நேராக வந்திருக்கிறாள், அதனால்தான் குடம் இல்லாமல் அலுமினிய அன்னக்கூடை. சோறு வடிக்கிற பெரிய அன்னக்கூடை, விளிம்பில் ரெண்டு வளையம். அதைத் தூக்கி முகத்துக்கும் நெஞ்சுக்கும் முன்னால் பிடித்தாள். கேடயம் மாதிரி பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். வளையத்தைப் பிடிக்கத் தோதாக வாய்ப்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. குழிந்த பக்கம். நான் பார்த்தேன். சும்மா கண்ணில் பட்டது என்று சொல்ல முடியாது, பார்த்தேன், பார்த்ததும் அந்தக் கண்ணாடிப் பெட்டியும் பித்தளைக் கிண்ணமும் தராசுக் கம்பியும் எனக்குள் வந்துபோயின, அம்மா அதைத் திருப்பிப் பிடி, முதுகுப் பக்கம் காட்டு, தண்ணீர் சிதறிப் போய்விடும் என்று தோன்றியது, இவ்வளவும் தோன்றியது. நடுவில் மூன்று பேர் இருந்தார்கள். தண்ணீர்க் கம்பி அவர்களைத் தாண்டி வர இரண்டு வினாடி. விரலைத் தூக்கினால் போதும், தண்ணீர் நின்றுவிடும். அந்த ரோட்டில் இருநூறு பொம்பளைகள், முப்பது போலீஸ், பஸ்ஸில் இருந்தவர்கள், அத்தனை பேரிலும் குழிந்த பக்கம் என்ன செய்யும் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். தண்ணீர் அன்னக்கூடைக்குள் போனது. ஒரு நொடி அவள் நின்றாள். அன்னக்கூடையிலிருந்து தண்ணீர் பூ மாதிரி விரிந்து எங்கள் பக்கமே திரும்பி வந்தது, அது அழகாக இருந்தது, அப்புறம் அவள் கால்கள் தரையில் இல்லை. அன்னக்கூடை அவள் தாடையில் அடித்துக்கொண்டே அவளைத் தூக்கிப்போனது. எட்டு அடி. சென்டர் மீடியன் கல்லில் தலையின் பின்பக்கம். இந்தத் தண்ணீர் இரைச்சலில் எதுவும் கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம் என்று ஏட்டய்யா ரைட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அப்படி இல்லை, அதைவிட மெதுவானது, ஈரமானது. அதற்குப் பிறகும் நான் விரலை எடுக்கவில்லை. ஏட்டய்யா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "போதும்பா. போதும்னா." தண்ணீர் நின்றது. ரோட்டில் ஒரு விரல்கடை தண்ணீர் ஓரத்துச் சாக்கடையைப் பார்த்து மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அதில் அவள் தலையிலிருந்து சிவப்பாக ஒரு நூல், நேராக, கலக்காமல். நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். தலை தொங்கியது, ஒருத்தி தன் முந்தானையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். அந்த நேரத்தில் எங்கள் நாசில் இணைப்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்குக் கீழே ஒரு பெண், பத்தொன்பது இருபது வயது இருக்கும், குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். குருவம்மாளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அழுதுகொண்டே வைத்தாள், நிரம்புகிறவரை அசையவில்லை, நிரம்பியதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பின்னாலேயே போனாள்.

பாதி ஏறியாயிற்று. ஏட்டய்யா கையைக் கழுவிவிட்டு வருகிறார். வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டிருக்கிறார், முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இருபத்தாறு வருஷ சர்வீஸ். "கண்ணு முழிச்சிருச்சாம்ப்பா" என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "ஆனா இடது கை வரலையாம். பேச்சு வருதாம், வார்த்தை மாறி மாறி வருதாம். மகளப் பாத்து உப்பு எடுத்துட்டு வான்னுச்சாம், தண்ணியக் கேக்குதுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சிருக்கு." அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "போட்டுட்டியா?" என்றார், தாளைச் சொல்கிறார். "இன்னும் இல்ல ஏட்டய்யா." "ஏன்?" "நாலு இல்லையே அது." அவர் சுற்றும் பார்த்துவிட்டு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "எனக்கு எத்தனைன்னு தெரியாது. நான் ரோட்டப் பாத்துட்டிருந்தேன். உனக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு. இந்த வேலைக்கு நீ எவ்வளவு நாயா அலைஞ்சன்னு நீதான எங்கிட்டச் சொன்ன. அந்தம்மா எந்திரிச்சு வந்து கேஜப் பாக்கப் போறதில்ல. போடு." "அதத் திருப்பிப் பிடிச்சிருந்தா விழுந்திருக்காது ஏட்டய்யா. அது எனக்குத் தெரியும். பாத்தேன்." அவர் என்னைப் பார்த்தார். புரியவில்லை என்று தெரிந்தது, கிண்ணத்தையும் தகட்டையும் இவருக்கு எப்படிச் சொல்வது, ஆனாலும் எதுவோ புரிந்த மாதிரி பார்வையை மாற்றிக்கொண்டார். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. இதெல்லாம் வெளிய சொல்லாத" என்று எழுந்தார். போகும்போது திரும்பி, "அய்யா சொல்லச் சொன்னார். கோட்டாட்சியரம்மா வந்து தண்ணி அடிச்சுக் காட்டச் சொன்னா, கொஞ்சம் தாராளமாக் காட்டுவியாம், நாலுல அவ்வளவு தூரம் எட்டாதுல்ல. நாலுன்னு வாயில சொன்னாப் போதும், கேஜ் உனக்கு மட்டும்தான தெரியும்" என்றார். வீட்டில் என் மனைவி வேணியிடம் ஏற்கனவே பொய் சொல்லிவிட்டேன். நேற்று சாயந்தரம் போனில் வீடியோவைக் காட்டினாள், யாரோ பஸ்ஸிலிருந்து எடுத்தது, வண்டியும் வெள்ளைக் கம்பியும் பறக்கிற சேலையும். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது நீ இல்லல்ல?" என்றாள். இன்றைக்கு எனக்கு ஆபீஸ் டூட்டி என்றேன். அவள் என் தட்டில் சோறு போட்டாள். நான் தின்றேன். நல்லாப் பசித்தது. அது எப்படிப் பசித்தது. மகள் வாயைத் துடைத்துவிட அவள் சேலை முந்தானையைச் சுருட்டியபோதுதான் எழுந்து போய்க் கைகழுவினேன்.

இனி அந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், தொட்டி முக்கால் ஆகிவிட்டது. கட்டைவிரல். கல் வந்ததால் கோபம் என்று வைத்துப் பார்த்தேன், இல்லை, அந்தக் கல் ஒரு சுண்டல் பொட்டலம்கூட இல்லை. பயம் என்று வைத்துப் பார்த்தேன், இரும்பு வண்டிக்குள் என்ன பயம். உத்தரவு என்று வைத்துப் பார்த்தேன், அய்யா எண் எதுவும் சொல்லவில்லை. வெயில், வேர்வை, தூக்கமில்லை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன், தராசில் எடை போடுகிற மாதிரி, கம்பி நேராக வரமாட்டேன் என்கிறது. ஆறில் முன்வரிசை மொத்தமாகச் சாய்ந்தபோது என்ன இருந்தது எனக்குள். என் வாழ்க்கையில் எதுவும் எனக்காக ஒரு அடி நகர்ந்ததில்லை. இண்டர்வியூ அறைக் கதவுகள், அரியர் லிஸ்ட், உடற்தகுதித் தேர்வில் முதல் தடவை ஒரு சென்டிமீட்டர் குறைந்த மார்பு, மைதானத்தில் டேய் என்று கூப்பிடுகிற குரல்கள். நேற்று என் ஒரு விரலுக்கு இருநூறு பேர் சாய்ந்தார்கள். வலது பக்கம் இழுத்தால் வலது பக்கம். வாய் வறண்டு, காதுக்குள் ரத்தம் இடித்து, உடம்பு முழுக்கச் சூடாக, இன்னும், இன்னும் என்றுதான் இருந்தது. அவள் அன்னக்கூடையைத் தூக்கினபோது அய்யோ என்று எனக்கு வரவில்லை. இரண்டு மடங்கு என்றுதான் வந்தது. பார்க்கலாம் என்று வந்தது. வந்ததா. வந்தது. மைதான வாசலில் ஜீப் சத்தம் கேட்கிறது. ஒன்பது ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. வால்வை மூடினேன், கை நனைந்தது, துடைத்துக்கொண்டேன், தொப்பியைச் சரிசெய்தேன். தாள் பையில் ஈரமாகிவிட்டது.

கோட்டாட்சியர் அம்மா ஐம்பது வயதுக்காரர், குள்ளம், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, கூடவே நோட்டுடன் ஒரு கிளார்க். இன்ஸ்பெக்டர் அய்யா ஒரு அடி பின்னால் நடந்து வந்தார். சல்யூட் அடித்தேன். அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்தார், நாசிலை அண்ணாந்து பார்த்தார், "எவ்வளவு தூரத்துல நின்னாங்க அவங்க?" என்றார். அய்யா, "முப்பது மீட்டர் மேடம்" என்றார். அந்த அம்மா கிளார்க்கை அனுப்பி முப்பது மீட்டர் தள்ளி ஒரு காலி டிரம்மை வைக்கச் சொன்னார். "நாலுல வச்சீங்கன்னு சொல்றாங்க. நாலுல காட்டுங்க" என்றார் என்னிடம். ஏறி உட்கார்ந்தேன். மோட்டாரைப் போட்டேன். ஏட்டய்யா பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே அய்யா என்னைப் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்தார். முள் ஏறத் தொடங்கியது. இரண்டு. மூன்று. நான்கைத் தாண்டி விட்டுவிட்டால் டிரம் பறக்கும், அந்த அம்மா தலையாட்டுவார், கிளார்க் எழுதுவான், நான் சாயந்தரம் வீட்டுக்குப் போவேன். கட்டைவிரலுக்குக் கீழே அந்தப் பொத்தான் சூடாக இருந்தது, நேற்று மாதிரியே சூடு, உடம்புக்குள் அதே இடி லேசாகத் தொடங்கியது, அதுதான் எனக்குக் குமட்டலைக் கொண்டுவந்தது. நான்கில் நிறுத்தினேன். கிடைமட்டமாகக் குறிவைத்து அடித்தேன். தண்ணீர் இருபது மீட்டர் போய்த் தளர்ந்து மண்ணில் விழுந்தது. புழுதி எழுந்து அடங்கியது. டிரம்மின் மேல் ஒரு சொட்டு படவில்லை.

அந்த அம்மா நடந்துபோய் ஈர மண் முடிகிற இடத்தைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் நான் இறங்கி நின்றேன். "இதுவா அந்தம்மாவத் தூக்கிப் போட்டுச்சு?" "இல்லைங்க மேடம். பத்து." அய்யா இருமினார். "நேத்து நெருக்கடி மேடம். கல்லு வந்துச்சு, பையன் பயந்துட்டான். புது ஆளு." அந்த அம்மா அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார், "பயந்துட்டீங்களா?" குரல் கடுமையாக இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி கேட்டார். ஆமாம் என்றால் போதும், நேராக நடந்து வெளியே போய்விடலாம், பயந்த போலீஸ்காரனை யாருக்கும் புரியும். ஏட்டய்யா வண்டிக்குள்ளிருந்து மெல்லத் தலையாட்டினார், சொல்லு என்று. "பயம் இல்லைங்க மேடம்" என்றேன். "அன்னக்கூடைய வாய்ப்பக்கம் என்னப் பாத்துப் பிடிச்சிருந்தாங்க. அப்படிப் பிடிச்சா ரெண்டு மடங்கு அடிக்கும். எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன். ரெண்டு வினாடி இருந்துச்சு. விரலத் தூக்கியிருக்கலாம்." "அப்புறம் ஏன் தூக்கல?" மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள், ஒரு வரிசை திரும்பிற்று. "நல்லா இருந்துச்சு மேடம்" என்றேன். "எல்லாரும் விழுறது நல்லா இருந்துச்சு." கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டான். அய்யா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், என் முகத்தில் எதைத் தேடினார் என்று தெரியாது, அருவருப்பு இருந்தது, அதோடு வேறு எதுவோவும் இருந்தது. "எழுதுங்க" என்றார் கிளார்க்கிடம். "எப்படி மேடம் எழுதுறது?" "அவர் சொன்னபடியே." கிளார்க் பேனாவை உதறிவிட்டு நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டான், கண்ணை உயர்த்தவில்லை. "சார், இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா" என்றான். நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, அவன் கை எழுதி முடிக்கிறவரை காத்திருந்து காத்திருந்து, இன்னொரு தடவை சொன்னேன்.